ஒரு டவுட், ஒரு அவசரம்

1

என்னை மாடிக்குக் கூப்பிட்டுட்டாங்க!

இதுல என்னய்யா அதிசயம்னு ஊர்ல உக்காந்து இதைப் படிக்கிற நீங்க கேப்பீங்க. சொல்றேன். நான் வேலை பாக்கிறது இங்கிலாந்துல, வடக்குப் பக்கம், ஒரு கம்பளி மில்லுல. பாய்லர், மோட்டார், பெல்ட்டு எல்லாம் என் பொறுப்பு. கோட்டுப் பையில ‘இன்ஜினியர்’னு நூல்ல தச்சிருக்கும். ஆனா மில்லைப் பத்தின முடிவெல்லாம் மாடியில, ஜமக்காளம் விரிச்ச ஒரு ரூம்ல எடுக்கிறாங்க. பதிமூணு வருஷத்துல அந்த ரூமுக்கு நான் ரெண்டு தடவை போயிருக்கேன். ரெண்டு தடவையும் ஹீட்டர் ரிப்பேர்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூணாவது தடவை. ஸ்பேனரை எடுத்துக்கினு போனேன். “அதெல்லாம் வேணாம், உக்காருங்க மிஸ்டர் மலாய்”னாரு டைரக்டர். என் பேரு ஏழுமலை. முன்பாதி அவங்க வாயில நுழையல, பின்பாதியை வச்சுக்கினு என்னை மலேயாக்காரன்னு நினைச்சுட்டாங்க. திருத்தித் திருத்திப் பாத்து விட்டுட்டேன்.

உக்காந்தேன். சாஸர் வச்ச கப்புல டீ. வருஷா வருஷம் செப்டம்பர்ல பாய்லரை நிறுத்தி, ஆற வச்சு, திறந்து பாப்போம். இந்த வருஷம் ஆர்டர் நிறைய இருக்குது, ஆறு வாரம் தள்ளிப் போடலாமான்னு பேசிக்கினு இருந்தாங்க. எல்லாரும் சரின்னுட்டாங்க. டைரக்டர் பேனாவை எடுத்தாரு, கையெழுத்து போடப் போனாரு, நின்னாரு. என் பக்கம் திரும்பி, “மிஸ்டர் மலாய், நீங்க என்ன சொல்றீங்க?”ன்னாரு.

என்னைக் கேக்கறாரு. இன்ஜினியரை! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எழுந்து நின்னு, ஸ்கூல்ல வாத்தியார்கிட்ட கேப்போமே அது மாதிரி, “சார், ஐ ஹேவ் ஒன் டவுட்”னேன். நான் கேக்க நினைச்சது இவ்வளவுதான்: ஆறு வாரம்னா எந்தத் தேதியில இருந்து?

டைரக்டர் பேனாவை மூடினாரு. “அப்படின்னா வேணாம். இன்ஜினியருக்கு டவுட் இருந்தா நாம ஓட்டறதில்ல”ன்னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாரு.

படி இறங்கும்போது கணக்குப் பிள்ளை என் தோளைத் தட்டினாரு. “தைரியமா சொன்னீங்க. பாய்லர் மேல நம்பிக்கை இல்லைன்னு முகத்துக்கு நேரா யார் சொல்வாங்க?”

அப்பதான் விளங்குச்சு. நமக்கு டவுட்னா கேள்வி. இவங்களுக்கு டவுட்னா நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம். ஒரு கேள்வியை நான் கேக்கக்கூட இல்ல, அதுக்குள்ள ஒரு மில்லோட முடிவே மாறிப் போச்சு.

2

நான் ஏன் இப்படி அதிர்ந்து போனேன்னு தெரியணும்னா, நான் முன்னால வேலை பாத்த இடம் தெரியணும்.

சித்தூர்ல இருந்து திருப்பதி போற ரோட்டுல, புத்தலப்பட்டு தாண்டி ஒரு வேர்க்கடலை எண்ணெய் மில். பேரு வேணாம். இப்ப அது இல்ல. புத்தூர் பக்கத்துல எங்க நைனாவுக்கு நாலு காணி நிலம். நான் டிப்ளமா படிச்சு வந்ததும் அந்த மில்லுல சேந்தேன். இன்ஜினியர்னு பேருதான். முதலாளி ரூமுக்குள்ள போகணும்னா செருப்பை வாசல்ல விடணும். உள்ள போயி நிக்கணும், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும், வந்துடணும். அவங்களும் எதையும் கேக்க மாட்டாங்க. கடலையை ஆட்டி எண்ணெய் எடுக்கப் புது எக்ஸ்பெல்லர் வாங்கினாங்க, அது லாரியில வந்து இறங்கினப்பதான் எனக்குத் தெரியும். எங்க வைக்கிறதுன்னு முதலாளியோட ஜோசியர் சொன்னாரு. அவரு சொன்ன மூலையில தரை தாங்கல.

அந்த வருஷங்கள்ல எங்க பக்கம் வேற ஒரு கூத்து. ஆந்திரா தனி ராஜ்யம் ஆயிடுச்சு. திருப்பதி யாருக்கு, திருத்தணி யாருக்கு, சித்தூரு யாருக்குன்னு டீக்கடைக்கு டீக்கடை சண்டை. ஸ்டேஷன் போர்டு மேல தாரு பூசுவாங்க, மறுநாள் வேற ஆளு வந்து வேற எழுத்து மேல பூசுவான். நமக்கு என்ன? வீட்டுல தமிழ், சந்தையில தெலுங்கு. ஒரே வாக்கியத்துல பாதி இது, பாதி அது. எந்தப் பாஷையில பேசறோம்னு நமக்கே தெரியாது. ‘சார், லாரி வச்சிந்தி, இறக்கிடலாமா?’ன்னு கூலிக்காரன் கேப்பான், ‘தீயி, தீயி, சீக்கிரம்’னு பதில் சொல்லுவோம். வச்சிந்தின்னா வந்துடுச்சு, தீயின்னா எடு.

மில்லுலயும் மாத்தம் வந்துச்சு. பழைய மேனேஜர் சித்தூர்க்காரர், ரிட்டையர் ஆனாரு. புதுசா வந்தவரு வெங்கடரத்னம் காரு, கோதாவரிப் பக்கம். நல்ல தெலுங்கு. சுத்தமான தெலுங்கு. எங்க கலப்படத்தைக் கேட்டா முகத்தைச் சுளிப்பாரு. வந்த முதல் வாரமே நோட்டீஸ், லெட்ஜர் எல்லாம் தெலுங்குல மாறிடுச்சு.

இன்னைக்கும் எந்த ஃபாரத்துல ‘பிறந்த இடம்’னு போட்டிருந்தாலும் எனக்குப் பேனா நிக்கும். நான் பிறந்தப்ப அது மெட்ராஸ் ராஜதானி. படிச்சப்ப மெட்ராஸ் ராஜ்யம். வேலைக்குப் போனப்ப ஆந்திரா. பாஸ்போர்ட் ஆபீஸ்ல ஒருத்தர், “உங்க அப்பா எத்தனை தடவை வீடு மாறினாரு?”ன்னு கேட்டாரு. எங்க நைனா பொறந்த வீட்டை விட்டு ஒரு நாள் நகந்ததில்ல சார், ராஜ்யம்தான் நகந்துக்கினே இருந்துச்சுன்னேன்.

3

இனி சொல்லப் போறது நான் பதிமூணு வருஷமா சொல்ற கதை. என் சம்சாரம் சரோஜாவுக்கு மனப்பாடம். பையன் பாபு இங்கிலீஷ்ல சொல்லிக் காட்டுவான். இங்க வந்த ஒவ்வொரு தமிழனுக்கும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கேன். இப்பவும் வழக்கமா சொல்ற மாதிரியே சொல்றேன்.

மில்லுல பாய்லரைப் பாத்துக்கினவன் முனுசாமி. நாகலாபுரம் தாண்டி ஒரு கிராமம். சொந்தமா ஒரு சாண் நிலம் கிடையாது, கூலிக்குப் போன குடும்பம். கடலைத் தோலை அடுப்புல தள்ளி, நெருப்பை விடாம வச்சுக்கிறது அவன் வேலை. பாய்லர் முன்னால முழங்கை நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ள தண்ணி எவ்வளவு இருக்குன்னு அதுலதான் பாக்கணும். அவன் மூஞ்சிக்கு நேரா இருக்கும்.

ஒரு நாள் நான் பாத்தேன், அந்தக் கண்ணாடியில கீழ்ப்பக்கம் மயிரிழை மாதிரி ஒரு கீறல். உடனே, சாமான் வேணும்னு எழுதிக் கேக்கற இண்டென்ட் புத்தகத்துல எழுதினேன்: ‘கேஜ் கண்ணாடி ஒண்ணு, மெட்ராஸ்ல இருந்து வரவழைக்கவும்.’ எழுதி மேனேஜருக்கு அனுப்பினேன். புத்தகம் திரும்பி வந்தப்ப அந்த வரி மேல குறுக்கால ஒரு கோடு. அவ்வளவுதான். ஏன்னு கேக்க எனக்கு உரிமை இல்ல, சொல்ல அவருக்குக் கட்டாயம் இல்ல. இன்ஜினியரைக் கேக்காம எடுத்த முடிவு.

மூணு வாரம் கழிச்சு, காலையில பத்து மணி இருக்கும். நான் லேத்துகிட்ட நின்னுக்கினு இருந்தேன். பட்டுனு ஒரு சத்தம். அப்புறம் உஸ்ஸுனு ஆவி. அதுக்குள்ள இருந்து முனுசாமியோட குரல். அது மனுஷக் குரலாவே இல்ல. ஓடிப்போயி வால்வை மூடி, அவனைத் தூக்கி, சித்தூர் ஆஸ்பத்திரிக்கு லாரியில கொண்டு போனோம். உயிர் தங்குச்சு. ரெண்டு கண்ணும் போச்சு. இருபத்தாறு வயசு அவனுக்கு.

ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்து விசாரிச்சாரு, இங்கிலீஷ்ல. வெங்கடரத்னம் காரு எழுந்து, “நான் இன்ஜினியரைக் கேட்டேன். தேவையில்லைன்னு அவரே சொன்னாரு”ன்னாரு. எனக்குத் தலையில இடி விழுந்துச்சு. “பொய்! என்னை யாரும் கேக்கல!”ன்னு அந்த ரூம்லயே கத்தினேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கினாரு. அவரு என்ன எழுதினாரோ, யார் மேலயும் நடவடிக்கை இல்ல.

முனுசாமிக்குப் பார்வை போச்சுன்னு சர்ட்டிஃபிகேட் வாங்க நானே அலைஞ்சேன். அப்பதான் எல்லை பிரிக்கிற வேலை முடியற சமயம். அவன் கிராமம் செங்கல்பட்டு ஜில்லாவில இருந்து ஆந்திராவுக்கு வர்ற பட்டியல்ல. இந்த ஆபீஸ்ல ‘அது இனிமே அவங்க ஊரு’ன்னாங்க. அந்த ஆபீஸ்ல ‘எங்களுக்கு இன்னும் காயிதம் வரல’ன்னாங்க. கண்ணு போனவன் கையைப் புடிச்சுக்கினு ரெண்டு ராஜ்யத்துக்கும் நடுவுல ஆறு மாசம் நடந்தேன். ஏழாவது மாசம் வேலையை வீசிட்டு, கப்பல் ஏறிட்டேன். இன்ஜினியரை மனுஷனா மதிக்கிற ஊருக்குப் போறேன்னு எங்க நைனாகிட்ட சொல்லிட்டு வந்தேன்.

இதுதான் கதை. பொய் சொன்ன மேனேஜர், கேக்கப்படாத இன்ஜினியர். பதிமூணு வருஷமா இதுல ஒரு எழுத்து மாத்தினதில்ல.

4

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, டவுட் கதையைச் சாப்பாட்டு மேஜையில சொன்னேன். சரோஜா சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி. பாபுவும் சிரிச்சான். பதினாறு வயசு. ஊர்ல இருந்து வந்தப்ப மூணு. எங்க நைனாவை நான் நைனான்னு கூப்பிட்ட மாதிரி இவன் என்னைக் கூப்பிடணும்னு எவ்வளவோ பாத்தேன்; ‘டாட்’லயே நின்னுட்டான். தமிழ் கேட்டா பாதி புரியும், தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது.

“பாத்தியாடா? இங்க இன்ஜினியருக்கு டவுட்னா மில்லே நிக்குது. அங்க அந்தப் படுபாவி என்னைக் கேக்காமலே கோடு போட்டான்”னு ஆரம்பிச்சேன்.

“கேட்டேன்னு அவரு சொன்னாரே, டாட்”னான் பாபு. இங்கிலீஷ்லதான் சொன்னான்.

“பொய் சொன்னான்டா.”

“ஒண்ணுமே இல்லாமலா அப்படிச் சொன்னாரு? அவரு உங்ககிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையா?”

“பேசறதுன்னா... அவரு திருப்பதிக்கு முதலாளியைப் பாக்கக் கிளம்பிக்கினு இருந்தாரு. ஒரு கால் ஜீப்புல. போற போக்குல என்னமோ கேட்டாரு. அதுக்குப் பேரு கேக்கறதாடா?”

இதை நான் கதையில ஒரு தடவை கூட சொன்னதில்ல. மறைச்சேன்னு இல்ல. அது கணக்குல வர்ற விஷயமாவே எனக்குத் தோணல.

“என்ன கேட்டாரு? அப்படியே சொல்லுங்க.”

“‘ஏமய்யா, ஆ அத்தம் மார்ச்சடம் அவசரமா?’ன்னாரு.”

“எனக்குப் புரியல. இங்கிலீஷ்ல சொல்லுங்க. நீங்க என்ன சொன்னீங்க?”

“‘அவசரம் லேதண்டி’ன்னேன். நாட் அர்ஜன்ட். பத்து நாள்ல அமாவாசை, மில்லு லீவு, அன்னைக்குப் பாய்லர் எப்படியும் ஆறியிருக்கும், அன்னைக்கு மாத்திக்கலாம். அதுக்குள்ள கண்ணாடி வந்துடும். அதான் என் நினைப்பு.”

“சரி. அவரு கேட்டதுக்கு என்ன அர்த்தம்?”

“அத்தம்னா கண்ணாடி. மார்ச்சடம்னா மாத்தறது. அந்தக் கண்ணாடியை மாத்தறது அவசர...” அப்படியே நின்னுட்டேன். இங்கிலீஷ் வார்த்தை வாய் வரைக்கும் வந்துடுச்சு. வந்தது ‘அர்ஜன்ட்’ இல்ல.

சரோஜா சித்தூர்க்காரி, தெலுங்கு ஸ்கூல்ல படிச்சவ. கையில குழம்புக் கரண்டியோட என்னையே பாத்தா. அவ சிரிப்பெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. மெதுவா கேட்டா:

“ஏங்க... அரவ அவசரமா, தெலுகு அவசரமா?”

எங்க ஊர்ப்பக்கத்து ஆளுங்களுக்கு இதை விளக்க வேணாம். மத்தவங்களுக்குச் சொல்றேன். அரவம்னா தெலுங்குக்காரங்க தமிழுக்கு வச்ச பேரு. தமிழ்ல அவசரம்னா சீக்கிரம், உடனே. தெலுங்குல அதே அவசரம்னா தேவை, இங்கிலீஷ்ல ‘நெசசரி’. வார்த்தை ஒண்ணு, உச்சரிப்பு ஒண்ணு, அர்த்தம் வேற. சந்தையில யாராவது ‘அவசரம்’னு சொன்னா, எதிர்ல இருக்கறவன் கண்ணடிச்சுக்கினு ‘அரவ அவசரமா, தெலுகு அவசரமா?’ன்னு கேப்பான். சின்னப் பசங்க கூட கேக்கும். கேலிக்குக் கேக்கறது. பழைய மேனேஜரா இருந்திருந்தா அவரும் சிரிச்சுக்கினே கேட்டிருப்பாரு. கோதாவரிக்காரருக்கு எங்க கேலி எப்படித் தெரியும்? அவரு சுத்தத் தெலுங்குல ‘தேவையா?’ன்னு கேட்டாரு. நான் கலப்படத்துல ‘உடனே வேணும்னு இல்ல’ன்னேன். அவரு காதுல அது ‘தேவையில்லை’ன்னு விழுந்துச்சு. நம்பினாரு. இன்ஜினியர் சொன்னதை நம்பி, அந்த வரி மேல கோடு போட்டாரு.

பொய் சொல்லலைய்யா அந்த மனுஷன்! விசாரணையில அவரு தெலுங்குல சொல்லியிருந்தா அந்த வார்த்தை என் காதுல விழுந்திருக்கும், அங்கயே உறைச்சிருக்கும். இங்கிலீஷ்ல சொன்னதால தெரியாம போச்சு. என்னைக் கேட்டிருக்காரு. நான் பதில் சொல்லியிருக்கேன். கோடு போட்ட புத்தகம் கைக்கு வந்தப்புறமும், ஒரு தடவை போயி ‘ஏன் சார்?’னு கேக்காம, என்னை மதிக்கலைன்னு முறைச்சுக்கினு திரிஞ்சிருக்கேன். மூணு வாரம்!

சோத்துல வச்ச கையை எடுக்க முடியல.

“டாட்? தப்பா ஏதாவது கேட்டுட்டேனா?”ன்னான் பாபு. அவன் மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு.

“இல்லடா. நீ கேட்டதுதான் சரியான கேள்வி”ன்னேன்.

“ஆறிப்போவுது, துன்னுங்க”ன்னா சரோஜா. அவளும் துன்னல.

5

மறுநாள் விடிஞ்சதும் எனக்கு ஒரே பதட்டம். இனிமே என் வாயில இருந்து வந்த ஒரு வார்த்தையும் தப்பான அர்த்தத்துல நிக்கக் கூடாது. நேரா மாடிக்குப் போனேன். டைரக்டர்கிட்ட, “சார், நேத்து நான் சொன்ன டவுட் உங்க டவுட் இல்ல, எங்க டவுட்”னு விளக்கினேன். தேதியைத்தான் கேக்க வந்தேன்னு சொன்னேன். அவரு முகம் சிவக்கச் சிவக்கச் சிரிச்சாரு.

“அப்ப ஆறு வாரம் தள்ளிப் போடறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்ல?”

“இல்ல சார்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா சார். ரெக்கார்டெல்லாம் ஒழுங்கா இருக்குது.”

பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டாரு. பெரிய பாரம் ஒண்ணு இறங்கின மாதிரி படி இறங்கினேன்.

சாயங்காலம் முனுசாமிக்கு லெட்டர் எழுத உக்காந்தேன். வழக்கமா வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு மட்டும்தான் எழுதுவேன். அவன் இப்ப ஊர்லயே இருக்கான். கயிறு திரிக்கிறான், சம்சாரம் கூலிக்குப் போவுது. ஒரு பொண்ணு. ஒவ்வொரு லெட்டர்லயும் நான் மேனேஜரைத் திட்டி ரெண்டு வரி எழுதுவேன். அதுக்கு மட்டும் அவன் பதில் எழுதினதே இல்ல. நல்லவன், யாரையும் திட்ட மாட்டான்னு நினைச்சுக்குவேன்.

இந்தத் தடவை எழுத வரல. நாலு காயிதம் கிழிச்சேன். கடைசியில சுத்தி வளைக்காம எழுதினேன்: ‘முனுசாமி, மேனேஜர் பொய் சொல்லல. என்னைக் கேட்டாரு. நான் சொன்ன அவசரம் வேற, அவரு எடுத்துக்கின அவசரம் வேற. பதிமூணு வருஷமா உன்கிட்டயும் ஊர் பூராவும் அவரைப் பழி சொல்லிட்டேன். உன் கண்ணு போனதுக்கு நான்தான் காரணம். மன்னிச்சுக்கோன்னு கேக்க எனக்கு வாய் வரல. தெரிஞ்சதை உனக்குச் சொல்லாம இருக்கவும் முடியல.’

தபால் பெட்டியில போட்டுட்டேன். அவன் என்ன எழுதுவானோ, எழுதவே மாட்டானோ. அதுக்கப்புறம் தினமும் வாசல்ல தபால் விழுற சத்தம் கேட்டா ஓடிப்போயி பாப்பேன்.

6

நாலாவது வாரம் பதில் வந்துச்சு.

முனுசாமி சொல்லச் சொல்ல அவன் பொண்ணு எழுதினது. அந்தப் பொண்ணு ஸ்கூல் சேரும்போது ஊரு ஆந்திராவுக்கு வந்துடுச்சு, அதனால தமிழ் எழுத்துத் தெரியாது. பேசறது தமிழ், எழுதறது தெலுங்கு எழுத்து. எனக்கு அதைக் கூட்டிக் கூட்டித்தான் படிக்க வரும். கண்ணாடியைப் போட்டுக்கினு சரோஜாதான் படிச்சா. பாபுவும் பக்கத்துல வந்து உக்காந்தான். இந்த வீட்டுக்கு வந்த லெட்டருக்கு அவன் உக்காந்தது இதுதான் முதல் தடவை.

“சாருக்கு முனுசாமி எழுதிக்கிறது. உங்க லெட்டரை டெய்லர் கடைக்காரரு படிச்சிக் காட்டினாரு. ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். சார், அவசரம் விஷயம் எனக்கு அன்னிக்கே தெரியும்.”

சரோஜா நிறுத்திட்டா. “படி”ன்னேன்.

“ஜீப்புல மேனேஜரு பொட்டியை வச்சிக்கினு இருந்தது நான்தான். அவரு தெலுகு அவசரம் கேட்டாரு, நீங்க அரவ அவசரம் சொன்னீங்க. எனக்கு சுருக்குன்னுச்சி. சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சி. மேனேஜரு பேசறாரு, இன்சினீரு பேசறாரு, நடுவுல நான் யாரு சார்? என்னை யாரு கேட்டாங்க? படிச்சவங்க, அவங்களே பேசிச் சரி பண்ணிக்குவாங்கன்னு வுட்டுட்டேன். அதனால உங்களை மட்டும் சொல்லாதீங்க. நானுந்தான் வாயை மூடிக்கினு இருந்தேன்.

இன்னொண்ணும் சொல்லணும். நீங்க கீறலைப் பாத்ததுக்கு முன்னால இருந்தே அந்தக் கண்ணாடி அடியில சொட்டு சொட்டா கசிஞ்சிக்கினு இருந்துச்சி. நான் துணி சுத்தி வச்சிருந்தேன். நீங்க வருவீங்க, கண்ணாடியைப் பாப்பீங்க, எழுதிக்குவீங்க, போயிடுவீங்க. என்னை ஒண்ணும் கேக்க மாட்டீங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

கோவமா எழுதலை சார். பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கிறோம். நீங்க சோறு துன்னாம இருக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் அடுத்த லெட்டர்ல எழுதுங்க. அங்க உங்க பாய்லரை யாரு பாத்துக்கிறாங்க? அவரு பேரு இன்னா?”

சரோஜா லெட்டரை மடிச்சா. “பேரு என்னங்க?”ன்னா.

எனக்குத் தெரியல.

ஆறு மாசமா ஒருத்தன் வர்றான், ஜமைக்கா பக்கத்து ஆளு, நெட்டையா இருப்பான். தினமும் பாய்லர் ரூமுக்குப் போறேன், மீட்டரைப் பாக்கறேன், எழுதிக்கறேன். ‘குட் மார்னிங் சார்’ம்பான். ‘மார்னிங்’னுட்டு வந்துடுவேன். அவன் பேரு எனக்குத் தெரியல! பதிமூணு வருஷமா என்னை எவனும் கேக்கலைன்னு கத்தின வாய் இது.

மறுநாள் காலையில கோட்டைக் கூட மாட்டாம நேரா பாய்லர் ரூமுக்குப் போனேன். “உங்க பேரு என்ன?”ன்னு கேட்டேன். அவன் ஆடிப் போயிட்டான். கையில இருந்த துணியைக் கீழ போட்டான்.

“லெஸ்லி, சார். நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?”

“இல்ல லெஸ்லி. தினமும் இதும் பக்கத்துல நிக்கறது நீங்கதான். பாய்லர் எப்படி இருக்குது? நீங்க சொல்லுங்க.”

அவன் என் மூஞ்சியைப் பாத்தான். கேலி பண்றேனான்னு பாத்தான்னு நினைக்கிறேன். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“நீங்க கேட்டதால சொல்றேன் சார். தண்ணி காட்டுற கண்ணாடி அடியில கசியுது. ரெண்டு வாரமா. முன்னால மூடியிருக்கிற காவல் கண்ணாடி ஆவியில மங்கிப்போவுதுன்னு எனக்கு முன்னால இருந்த ஆளு கழட்டி வச்சுட்டானாம். செப்டம்பர்ல நிறுத்தும்போது சரி பண்ணிடுவீங்கன்னு இருந்தேன். இப்ப நிறுத்தலைன்னாங்க.”

குனிஞ்சு பாத்தேன். கண்ணாடி அடியில ஒரு துணி சுத்தியிருந்துச்சு. ஈரமா இருந்துச்சு.

அவனைத் தோளைப் புடிச்சு அந்தக் கண்ணாடிக்கு நேரா நிக்காம தள்ளி நிக்க வச்சேன். “இங்கயே நில்லுங்க. இல்ல, வேணாம், நீங்களும் வாங்க. நீங்கதான் சொல்லணும்”னு கையைப் புடிச்சுக்கினு மாடிப்படி ஏறினேன். இந்தத் தடவை எங்களை யாரும் கூப்பிடல. ஜமக்காளத்தைப் பாத்து லெஸ்லி வாசல்லயே பூட்ஸைக் கழட்டப் போனான். “அதெல்லாம் வேணாம், வா”ன்னு தமிழ்லயே சொல்லி இழுத்துக்கினு உள்ள போனேன்.

டைரக்டர் நிமிர்ந்து பாத்தாரு. “என்ன மிஸ்டர் மலாய், இன்னொரு டவுட்டா?”ன்னு சிரிச்சாரு.

“ஆமா சார், இது உங்க டவுட். பாய்லரை நிறுத்தணும்”னேன்.

“இப்பவா? அவசியம் நிறுத்தித்தான் ஆகணுமா?”

அவசரம்னு சொல்ல வாய் வந்துச்சு. இங்கிலீஷ்ல அதுக்கு ரெண்டு வார்த்தை வேணும். ரெண்டையும் சொன்னேன்.